காப்புக்கு முன் ஒரு சுவர்

மே 3, சனி

காலையிலேயே புழுக்கம். பெயிண்டர் முருகேசன் ஏழு மணி என்று சொல்லி எட்டேகாலுக்கு வந்தார். ஏணி, சுரண்டி, இரண்டு வாளி. உள்ளூர்க்காரர். கூடம், உள் அறை, கதவுகள், எல்லாம் மூன்று நாள் வேலை என்றார். மேஜை, நாற்காலி, பீரோவுக்கு எனாமல் நானே அடித்துக்கொள்வதாக ஏற்பாடு.

வீட்டுக்காரம்மா மாதம்மா பக்கத்து வீட்டில். ஒரே காம்பவுண்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, நடுவில் ஒரு வேலி. அனுமதி போன வாரமே வாங்கிவிட்டேன். "நீங்க இருக்கற வூடு, நீங்க அடிச்சுக்கறீங்க. கறுப்பு மட்டும் வேணாமுங்க" என்றார். வாடகை வீட்டில் இதைவிடப் பெரிய சலுகை யார் தருவார்கள்.

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று மகள் கௌரியின் உத்தரவு. இங்கே எழுதலாம். அடுத்த சனிக்கிழமை, 10ஆம் தேதி, காலை பதினொரு மணிக்கு தத்து மையத்திலிருந்து ஒரு மேடம் வருகிறார்கள். என் மகள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்திருக்கிறாள். வீட்டையும் எங்கள் இருவரையும் பார்த்து மேடம் அறிக்கை எழுதுவார்கள். அறிக்கை நன்றாக இருந்தால் கௌரியின் பெயர் வரிசையில் ஏறும். இல்லாவிட்டால் அவ்வளவுதான். அவளுக்கு முப்பத்தேழு. விவாகரத்தாகி ஐந்து வருடம். இது ஒன்றைத்தான் வாய்விட்டுக் கேட்டாள்.

கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருக்கிறது. "ஈரம் எங்கிருந்து ஏறுதுன்னே தெரியலைங்க சார்" என்றார் முரு. ஒரு சாக்பீஸை எடுத்து, பக்கத்திலிருந்த காபி டம்ளரில் நிறுத்திக் காட்டினேன். காபி மெல்ல மெல்ல மேலே ஏறியது. தரை ஈரத்தைச் சுவர் இப்படித்தான் உறிஞ்சுகிறது என்றேன். கவனமாகப் பார்த்தார்.

"அந்தக் காபி எனக்குக் கொண்டாந்ததுங்களா சார்?"

வேறு போட்டுக் கொடுத்தேன்.

நிறம் கௌ.வின் தேர்வு: பாசிப்பருப்பு மஞ்சள். நான் வெள்ளை சொன்னேன். "நாள் முழுக்க லேப்ல வெள்ளைச் சுவத்தத்தான் பாத்துட்டிருக்கேன்ப்பா, வீட்லயும் வேணாம்" என்றாள். பாலக்கோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சரி, மஞ்சள்.

சுரண்டல் மட்டும் முடிந்தது. சோற்றிலும் சுண்ணாம்புத் தூள்.


மே 4, ஞாயிறு

கத்திரி வெயில் தொடக்கம். முரு. வரவில்லை. மாரியம்மன் கோயிலில் பூக் கேட்கும் நாளாம். என்னிடம் முதல்நாளே சொல்லியிருக்கலாம்.

நானும் கௌ.வும் சாமான்களை முற்றத்துக்குக் கொண்டுவந்தோம்:

பீரோ (காலியாக்கிய பிறகும் அசைய மறுத்தது)
மேஜை 1, நாற்காலி 2
கட்டில், பிரித்து
புத்தக அலமாரி
தையல் மிஷின், கௌ. அம்மாவுடையது. அவள் போய் ஏழு வருடம். இதற்கு மட்டும் பெயிண்ட் இல்லை.

மேஜைக்கு நீல எனாமல். ஒரு மணி நேரம் குனிந்து, ஒரு தூரிகை மயிர்கூட ஒட்டாமல் அடித்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் மாதம்மாவின் கோழி அதன்மேல் நடந்து முடித்திருந்தது. இந்த மூலையில் ஏறி அந்த மூலையில் இறங்கியிருக்கிறது. நடுவில் எதற்கோ ஒரு வட்டம்.

"கோழிய ஓட்டறதுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா? கால்ல பெயிண்டோட திரியுது பாருங்க!" என்று மாதம்மா என்னிடம்தான் கோபித்துக்கொண்டார். கோழியின் காலை மண்ணெண்ணெயால் துடைத்தது நான்.

மாலை கோயில் பக்கம் மேளம். அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் பூ வைத்துக் காத்திருப்பார்களாம். வலத்தோள் பூ விழுந்தால் திருவிழாவுக்கு உத்தரவு. வழக்கமாக மூன்று நான்கு ஞாயிறாவது கேட்க வேண்டியிருக்குமாம். இந்த முறை வைத்த உடனே விழுந்துவிட்டது. மாதம்மா வாசலில் நின்று, "ஆத்தா கேட்ட ஒடனே குடுத்துட்டா வாத்தியாரே!" என்றார். கண்ணில் நீர். சந்தோஷம் என்று நானும் சொன்னேன்.


மே 5, திங்கள்

முரு. வந்தார், வேலை செய்தார். இதைத் தனியாகக் குறிக்க வேண்டியிருக்கிறது.

மூன்று சுவருக்கு, மேடுபள்ளம் மறைக்கும் பட்டி பூசினார். கிழக்குச் சுவருக்கு மட்டும் மஞ்சள், இரண்டு கோட். மாலை வெயில் ஜன்னல் வழியாக அதில் விழுந்தபோது கூடமே வேறு கூடம். கௌ. வேலையிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள். "இந்தச் சுவத்துல சாய்ஞ்சுதான் உட்காரும்" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூட அவள் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

மாதம்மா எட்டிப் பார்த்தார். "பாப்பாவுக்கு மாப்புள பாக்க வர்றாங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க. சும்மா, சுவர் பாழாயிருந்தது."

"சும்மாவா யாராச்சும் வாடகை வூட்டுக்கு மஞ்சள் அடிப்பாங்க? சொல்லாட்டிப் போங்க. நான் என்ன ஊரெல்லாம் தமுக்கா அடிக்கப் போறேன்."

முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் சங்கடம்.

மேடம் பார்க்கக்கூடியவை என்று ஒரு பட்டியல் போட்டேன். ஜன்னலுக்குக் கொசுவலை. கழிப்பறைத் தாழ்ப்பாள். மருந்து டப்பாவை உயரத்தில் வைப்பது. புத்தகங்கள் தெரியும்படி. மாதம்மாவின் சோபாவை ஒரு நாளைக்குக் கேட்பது. கடைசி வரியைக் கௌ. அடித்துவிட்டாள்.

"இது ஸ்கூல் இன்ஸ்பெக்ஷனாப்பா?"

அவள் சொன்னதும் ஒன்று ஞாபகம் வந்தது. நான் முதலில் வேலை பார்த்த பள்ளியில் ஆய்வுக்கு முந்தின நாள் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து உலக உருண்டை இரவல் வாங்கி வந்தோம். அதில் ஆப்பிரிக்காவில் ஒரு நசுங்கல். அதிகாரி அந்த நசுங்கலைக் கட்டைவிரலால் தடவி, "நேத்துத்தான் இங்க கைய வெச்சேன்" என்றார். கௌ.விடம் சொன்னேன். சிரித்தாள். சோபா வேண்டாம்.


மே 6, செவ்வாய்

எரிச்சலில் எழுதுகிறேன். கையெழுத்து இப்படித்தான் இருக்கும்.

முரு. பத்தரைக்கு வந்தார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு, மஞ்சள் வேட்டி. ஏணியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"எங்கே போகிறீர்கள்?"

"சாயந்தரம் காப்புக் கட்டறாங்க சார். எனக்கு அக்கினிச் சட்டி வேண்டுதல். இனிமே பிரஷ்ஷத் தொட மாட்டேன்."

"எத்தனை நாள்?"

"எட்டு நாளு. அடுத்த புதங்கெழம அவுத்துருவாங்க. வேழக்கெழம காத்தால மொத ஆளா வந்துருவேன்."

"சனிக்கிழமைக்குள் முடிய வேண்டும் என்றேனே!"

"பூவு இவ்வளவு சீக்கிரம் வுழும்னு யாருக்குத் தெரியுமுங்க? இன்னும் மூணு வாரம் ஆவும்னுதான் உங்க வேலைய ஒத்துக்கிட்டேன். பூவு வுழுந்த மூணாம் நாளு காப்பு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார். ஞாயித்துக்கெழம சந்தோஷம்னு சொன்னீங்களாமே, மாதம்மாக்கா சொல்லுச்சு."

ஊருக்கு வந்து பதினோரு மாதம். எனக்கு எப்படித் தெரியும்? முன்பு இருந்த ஏரியூரில் வேறு வழக்கம். சரி, மிச்சத்தை நானே அடித்துவிடலாம் என்று உருளையை எடுத்தேன். மாதம்மா வேலியைச் சுற்றி ஓடி வந்தார்.

"வாத்தியாரே, வேணாமுங்க! ஆத்தா ஊருக்குள்ள வந்து உக்காரப் போறா. பெயிண்டு வாசன, ஆணி அடிக்கற சத்தம், ஒண்ணும் ஆவாது. எங்க வூட்டுல தாளிக்கறதக்கூட நிறுத்தியாச்சு."

"கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மட்டும்…"

"கதவச் சாத்துனா ஆத்தாளுக்குத் தெரியாதுங்களா? பள்ளிக்கூடத்துல எத்தன புள்ளைங்கள புடிச்சிருப்பீங்க, கதவுக்குப் பொறத்தால ஒளிஞ்சதுங்கள."

உதாரணம் சொல்லும் என் பாணியை எனக்கே திருப்பிவிட்டார். அவர் வீடு, அவர் ஊர், அவர் அம்மன். உருளையைக் கழுவி வைத்தேன்.

நிலவரம்: ஒரு சுவர் மஞ்சள். மூன்று சுவரில் திட்டுத் திட்டாகப் பட்டி. விடைத்தாளின் முதல் பக்கத்தை முத்து முத்தாக எழுதிவிட்டு மீதிப் பக்கங்களில் கோடு மட்டும் போட்டு நீட்டும் பையன் ஒருவன் வகுப்புக்கு வகுப்பு இருப்பான். எங்கள் கூடம் அவன்தான். பீரோவுக்குப் பிரைமர் மட்டும். நாற்காலிகளில் நான் கெட்டியாக அடித்த நீலம் காயவேயில்லை. மேஜையில் கோழி. கொசுவலை சுருட்டியபடியே, ஆணி அடிக்க வழியில்லாமல்.

மாலை மேளம். மாதம்மாவின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. முரு.வுக்கும்.


மே 7, புதன்

செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன்.

கௌ. வேலைக்குப் போனதும் மேடத்துக்கு போன் போட்டேன். முற்றத்தில் பீரோவின் நிழலில் நின்றுகொண்டு. வீட்டில் பெயிண்ட் வேலை பாதியில் நிற்கிறது, இரண்டு வாரம் தள்ளி வர முடியுமா என்று.

மேடம் குரல் தன்மையாகத்தான் இருந்தது. "சார், பத்தாம் தேதி விட்டா எனக்கு அடுத்தது ஜூலைலதான் நாள் இருக்கு. நீங்க வேண்டாம்னா அந்த நாள வேற குடும்பத்துக்குக் கொடுத்துடுவேன். உங்க பொண்ணு சம்மதத்தோடதான் பேசறீங்களா?"

"ஆமாம், அவள் சம்மதத்தோடுதான்" என்றேன்.

பொய். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளிடம் எதைச் சொல்லாதே என்றேனோ அது.

வெயில் தாங்கவில்லை. மோர் குடித்தேன். பீரோவின் பிரைமரில் தூசி படிந்து உப்புத்தாள்போல் சொரசொரப்பு. ஒரு வேலையும் ஓடவில்லை.

கௌ. ஆறரைக்கு வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சிறிய பொருளை எடுத்து மேஜை மேல், கோழிக் கால் தடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மேஜை முனையில் மாட்டும் ரப்பர் மூலை. நான்கு. "தலை இடிச்சுக்காம" என்றாள்.

சொல்லவில்லை. மேடத்துக்கு போன் போட்டதை.


மே 8, வியாழன்

ஒன்பது மணிக்கு மேடத்துக்கு மீண்டும் போன். எடுக்கவில்லை. பத்தரைக்கு எடுத்தார்கள்.

"மேடம், பத்தாம் தேதியே வாருங்கள். வீடு இருக்கிறபடி இருக்கட்டும்."

"சார், நேத்து சாயந்தரமே அந்த நாள இன்னொருத்தருக்குச் சொல்லிட்டேனே." காகிதம் புரட்டும் சத்தம். "அவங்க ஒகேனக்கல் ரோட்டுப் பக்கம். ரெண்டும் ஒரே நாள்ல முடியுமான்னு பாக்கறேன். உறுதி சொல்ல முடியாது."

உறுதி சொல்ல முடியாது. நாள் முழுவதும் இந்த மூன்று சொற்கள்.

மாதம்மா வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. என்னைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவர் இந்த எட்டு நாளும் ஒரு வேளைச் சாப்பாடு.

மாலை கௌ.வோடு சண்டை, வேறு காரணத்துக்கு. கட்டிலை உள்ளே போட்டுவிடலாம் என்கிறாள். சுவர் சுரண்டிய தூள் இன்னும் உதிர்கிறது, ஆகாது என்கிறேன் நான்.

"அப்ப மேடம் எங்கப்பா உட்காருவாங்க?"

"நாற்காலி ஒட்டுகிறது."

"ஒட்டட்டும். ஒட்டிக்கிட்டா எந்திரிச்சுப் போக மாட்டாங்க, நல்லா எழுதுவாங்க."

அவள் சிரித்தாள். மேடம் வராவிட்டால் இவளிடம் என்ன சொல்வேன்?


மே 9, வெள்ளி

11.40க்கு லேபிலிருந்து கௌ. அழைத்தாள். "மேடம் மெசேஜ் அனுப்பிருக்காங்கப்பா. நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு. பதினொண்ணு இல்லையாம், வேற ஒரு வீடு பாத்துட்டு வர்றாங்களாம்."

"அப்படியா" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வேட்டியில் நீலம்.

பிறகு பெருக்கல், துடைத்தல். மூன்று வாளித் தண்ணீரில் தூள். கட்டிலை மாட்டி உள் அறையில் போட்டோம், கௌ. சொன்னபடி. பீரோ முற்றத்திலேயே. இரண்டு பேரால் ஆகவில்லை, கூப்பிடவும் ஆள் இல்லை, ஊர் முழுக்கக் கோயிலில். மாதம்மாவிடம் இரண்டு தக்காளிப் பெட்டி கேட்டேன், பழம் ஏற்றி மார்க்கெட்டுக்கு அனுப்பும் பிளாஸ்டிக் பெட்டிகள். கவிழ்த்துப் போட்டு மேலே போர்வை விரித்தால் உட்காரலாம்.

"எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன்" என்று கொடுத்தார்.


மே 10, சனி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவைக்க வேண்டும். இப்போது மாலை ஐந்து. கௌ. உள் அறையில்.

மேடம் 12.20க்கு வந்தார்கள். நாற்பதுக்குள்தான் இருக்கும். வெயிலில் முகம் சிவந்து, கையில் ஒரு கோப்பு. நீல நாற்காலியை நான் தடுப்பதற்குள் பார்த்துவிட்டு, அவராகவே தக்காளிப் பெட்டியில் உட்கார்ந்தார். மஞ்சள் சுவர், பட்டிச் சுவர் இரண்டையும் பார்த்தார்.

"எந்தக் கலரு முடிவு சார்?"

நான் பூக் கேட்டதிலிருந்து விளக்கத் தொடங்கினேன். கௌ. இடையில் புகுந்து, "காப்புக் கட்டிட்டாங்க மேடம், நின்னுடுச்சு" என்றாள். மூன்றே சொல்லில் முடிந்தது. மேடம் சுவரைப் பற்றி அதன்பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு வாரம் நான் எதற்காகச் செத்தேன்?

கௌ.விடம் முக்கால் மணி நேரம் பேசினார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு என்னிடம்.

"பொண்ணு வேலைக்குப் போனப்புறம் குழந்தை உங்ககிட்ட. பதினோரு மணிக்குக் காய்ச்சல் நூத்தி மூணு. என்ன செய்வீங்க?"

"ஒரு உதாரணம் சொல்கிறேன் மேடம். ஏழாம் வகுப்பில் ஒரு பையன்…"

"குழந்தைக்குக் காய்ச்சல் சார்."

"ஈரத்துணி. மருந்து. ஆட்டோ. ஆஸ்பத்திரி" என்றேன். எழுதிக்கொண்டார்.

உடம்பு எப்படி என்றார். நன்றாக இருக்கிறேன் என்றேன். கடைசியாக எப்போது சோதித்தீர்கள் என்றார். மகளே லேபில் வேலை பார்க்கிறாள் என்றேன். அது பதில் இல்லை சார் என்றார். இல்லைதான். கௌ. எத்தனை முறை கூப்பிட்டும் நான் போனதில்லை.

பிறகு, அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் பேச வேண்டும் என்றார். நானும் கௌ.வும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இருப்பது ஒரே அக்கம்பக்கம். மாதம்மா வேலியோரம்தான் நின்றிருந்தார். கூப்பிட வேண்டிய அவசியம்கூட இல்லை. விஷயத்தை மேடமே சொன்னார். மாதம்மா கௌ.வை ஒரு பார்வை பார்த்தார். "இதானா" என்றார்.

"இவங்களப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்கம்மா."

மாதம்மா வலது கையை நீட்டிக் காட்டினார். "காப்புக் கட்டியிருக்கேன் மேடம். வாயில பொய்யி வந்தா எங்குடும்பத்துக்கு ஆவாது. நல்லது மட்டும்தான் வேணும்னா வேற ஆளக் கேளுங்க. எங்கிட்டக் கேட்டா எல்லாம் வரும்."

"எல்லாம் சொல்லுங்க."

சொன்னார். நான் அங்கேயே நின்று கேட்டேன்.

"பாப்பா நல்ல புள்ள. பதினோரு மாசத்துல ஒரு சத்தம் கெடயாது. ஆனா ஞாயித்துக்கெழமயானா குளியலறைல தண்ணியத் தொறந்து வுட்டுட்டு அழுவும். தொட்டியே காலியாயிரும். மோட்டாரு போடறவ நானு, எனக்குத் தெரியாதா?"

"எதுக்கு அழறாங்கன்னு கேட்டீங்களா?"

"வாடகைக்கு இருக்கறவங்க அழுவறதுக்கெல்லாம் காரணம் கேக்கலாமுங்களா? மோட்டார மறுக்காப் போட்டு வுட்டுருவேன். அவ்வளவுதான்."

எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். தண்ணீரை வீணாக்காதே என்று ஒருமுறை கதவைத் தட்டிக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"வாத்தியாரு தங்கமான மனுசன். ஒண்ணு கேட்டா ஒம்போது உதாரணம் சொல்லுவாரு. பசிச்ச புள்ளைக்கு உதாரணம் சொல்லிட்டிருந்தா வயிறு ரொம்புமா? அது ஒரு கொற. அப்புறம் புதங்கெழம யாருக்கோ போனு போட்டு, வர வேணாம், தள்ளி வாங்கன்னாரு. பொண்ணு சம்மதம்தான்னாரு. பொண்ணு அப்ப வேலைக்குப் போயிருச்சு. மக்யா நாளு மறுக்காப் போட்டு வாங்க வாங்கன்னு கெஞ்சுனாரு. உங்களுக்குத்தானுங்களா அது?"

"எனக்குத்தான்" என்றார் மேடம்.

கௌ. என்னைப் பார்க்கவில்லை. தக்காளிப் பெட்டியின் போர்வையை நேராக இழுத்துவிட்டாள்.

மேடம் இரண்டு கேட்டுவிட்டுப் போனார்கள். ஒன்று, எனக்கு மருத்துவச் சான்று. இரண்டு, எனக்கு முடியாமல் போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அறுபது வயதுக்குள் ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் அடுத்த வெள்ளிக்குள் வேண்டும். வந்தால் அறிக்கை நல்லபடியாகப் போகும். இல்லாவிட்டால் "காரணம் எழுதித்தான் அனுப்பணும்" என்றார்கள்.

புறப்படும் முன் அங்கேயே மாதம்மாவிடமும் மேடம் கேட்டார். "நீங்க இருப்பீங்களாம்மா?"

மாதம்மா கயிற்றை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "இப்பச் சொல்ல மாட்டேன். காப்போட சொன்னா அப்புறம் மாத்த முடியாது. யோசிக்கணும்."

எங்களுக்கு உறவென்று சொல்ல வேறு யாரும் பக்கத்தில் இல்லை. என் தம்பிக்கு அறுபத்திரண்டு.


மே 11, ஞாயிறு

கௌ. சாப்பாடு எடுத்து வைத்தாள். தட்டு வைத்த சத்தத்தில் எல்லாம் இருந்தது.

பத்து மணிக்குக் குளிக்கப் போனாள். தண்ணீர்ச் சத்தம். பேப்பரை மடித்து வைத்தேன். கதவருகே போவதா வேண்டாமா? போகவில்லை. மோட்டார் போடும் சத்தம் கேட்டது.

மாதம்மா இந்தப் பக்கமே திரும்பவில்லை. மறைத்தோம் என்ற கோபமா, யோசனையா?


மே 13, செவ்வாய்

மழை வருவதுபோல் இருட்டி, வராமல் போனது. பீரோவுக்குத் தார்ப்பாய் போட்டதுதான் மிச்சம்.

மாலை கௌ. மஞ்சள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன், முதுகில் பட்டித் தூள்.

"ஏம்ப்பா தள்ளிப்போடச் சொன்னீங்க?"

"ஒரு வகுப்புக்கு ஆசிரியர்…"

"உதாரணம் வேணாம்ப்பா."

உதாரணம் இல்லாமல் பேசுவது இவ்வளவு கடினம் என்று தெரியாது. சுவர் ஒரு சாக்கு என்றேன். முரு. முடித்துக் கொடுத்திருந்தாலும் நான் வேறு எதையாவது தேடியிருப்பேன்.

"எனக்கு அறுபத்தாறு. குழந்தை வர இன்னும் மூன்று வருடம் ஆகலாம் என்கிறார்கள். அது பத்தாம் வகுப்பு எழுதும்போது எனக்கு எண்பத்து நான்கு. நடுவில் நான் விழுந்துவிட்டால் உனக்கு இரண்டு குழந்தை. அதைச் சொல்லப் பயம். சொன்னால் நீ வேண்டாம் என்று விட்டுவிடுவாயோ என்று அதற்கும் பயம்."

"அந்தக் கணக்க நான் போடலன்னு நெனச்சீங்களா?"

"போட்டாயா?"

"விண்ணப்பம் போட்ட அன்னிக்கே போட்டேன். நீங்க வாயத் தொறந்து சொல்வீங்கன்னு பாத்துட்டிருந்தேன். நீங்க பெயிண்டு கடைக்குப் போனீங்க."

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அவள் எழுந்து அரிசி களையப் போய்விட்டாள். கோபம் போகவில்லை, ஆனால் "உப்பு போதுமா பாருங்க" என்று கூப்பிட்டாள்.


மே 14, புதன்

காலையிலிருந்து கோயில் ஒலிபெருக்கி. இன்று மாலை காப்பு அவிழ்ப்பு. நாளை முரு. வருவார் (பார்க்கலாம்). வெள்ளிக்கு இரண்டு நாள். மாதம்மாவிடம் போய்க் கேட்டுவிடலாமா என்று இரண்டு முறை வேலிவரை போய்த் திரும்பினேன். கேட்டால் நெருக்குவதாக ஆகும். கேட்காவிட்டால்? கௌ. இன்று விடுமுறை எடுத்திருந்தாள், ஏன் என்று சொல்லவில்லை. அவளும் வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மாதம்மா வந்தார். தலை குளித்து, ஈர முடி, புதுச்சேலை. கோயிலுக்குப் புறப்பட்ட கோலம். உட்காரவில்லை.

"பாப்பா, அந்தக் காயிதத்த எடு."

கௌ. எழுந்து நின்றாள். "காப்பு அவுத்தப்புறம் சொல்றேன்னீங்களே அக்கா?"

"அவுத்தப்புறம் சொன்னா அது சும்மா பேச்சு. ஒரு மணி நேரத்துல அவுத்துருவாங்க, அதுக்குள்ள சொல்லிரலாம்னு வந்தேன். கேட்டுக்க. தக்காளி எடுக்கற நாள்ல என்னால ஆவாது. கத சொல்லவும் எனக்கு வராது. வாத்தியாரு முடியாமப் படுத்துட்டா புள்ளய நான் தூக்கிக்குவேன், சோறூட்டுவேன், காச்சல்னா டாக்டருகிட்டக் கொண்டு போவேன். நீங்க இந்த வூட்டக் காலி பண்ணி எங்க போனாலும் சொல்லியனுப்புனா வருவேன். இதுக்கு மேல கேக்காத, இதுக்குக் கீழ போவ மாட்டேன். வயசு அம்பத்தி நாலு, எழுதிக்க."

கௌ.வுக்கு எழுத முடியவில்லை. பேனாவை நான் வாங்கி, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன், தக்காளி உட்பட. கயிறு கட்டிய கையாலேயே கையெழுத்துப் போட்டார். மாதம்மா என்று பெரிய பெரிய எழுத்தில், நடுவில் உள்ள ஒரே புள்ளியை அழுத்தி வைத்தார்.

"வாத்தியாரே, நீங்க மட்டும் என்ன சும்மா நிக்கறீங்க? உங்க பங்குக் காயிதம் எங்க?"

சொல்லிவிட்டுக் கோயிலுக்கு நடந்தார்.

கௌ. முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், எல்லாம் பார்க்க வேண்டுமாம். ரத்தம் அவளே எடுப்பாளாம். காபி கூடாது, தண்ணீர் குடிக்கலாம். முரு.விடம் சாவியைக் கொடுத்துவிட்டு, நாளைக் காலை ஆறரை பஸ்ஸில் அவளோடு லேபுக்குப் போக வேண்டும்.